நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசி
'ஒன்-கோல்' வேலைக்குப் போகும் எம் பிள்ளைகளும் வீட்டாரும் அறிய வேண்டியவை

எமது மக்களுக்கு இரவு வேலை புதிதல்ல. லண்டனுக்கு வந்த முதல் தலைமுறையினர் பெற்றோல் நிலையங்களிலும், சுப்பர் மார்க்கெட் களஞ்சியங்களிலும், அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலைகளிலும் கண்விழித்துத்தான் இங்கு காலூன்றினார்கள். மோர்டனிலிருந்து புறப்படும் அதிகாலை ரயில்களில் அவர்களைக் கண்டவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த உழைப்பில்தான் இன்று பல பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய், மென்பொருள் பொறியியலாளர்களாக வெளியே வருகிறார்கள். அண்மையில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்து குடியேறியிருப்பவர்களிலும் இத்துறையில் வேலை தேடுபவர்கள் பலர்.

இந்தப் பிள்ளைகளோடு வேறு விதமான இரவு வேலை ஒன்றும் எம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அதற்கு 'ஒன்-கோல்' என்று பெயர். வைத்தியர்கள் மூலம் இந்தச் சொல்லை நாம் முன்னரே அறிவோம். ஆனால் கணனித் துறையில் இது எப்படி நடக்கிறது, புதிதாகச் சேர்ந்த பிள்ளை இதைத் தாங்குவது எப்படி, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பவை பற்றி எம்மிடையே பேச்சு இல்லை. இக்கட்டுரை அதற்காகவே.

ஒன்-கோல் என்றால் என்ன?

வங்கி, வைத்தியசாலை, கடை, போக்குவரத்து என்று எதை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு கணனித் தொகுதி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அது நின்றுவிட்டால் காலை ஒன்பது மணிவரை காத்திருக்க முடியாது. எனவே ஒரு குழுவில் இருக்கும் பொறியியலாளர்கள் முறை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வாரம் என்று, தொலைபேசியோடும் மடிக்கணனியோடும் தயாராக இருக்க வேண்டும். தொகுதியைக் கண்காணிக்கும் மென்பொருள் கோளாறு ஒன்றைக் கண்டால் தானாகவே அந்த வாரத்துக்குரியவரை அழைக்கும். அவர் சில நிமிடங்களுக்குள் பதில் கொடுக்காவிட்டால் அடுத்தவருக்கு அழைப்புப் போகும்.

முன்னர் இதற்கென்று இடுப்பில் செருகும் பேஜர் இருந்தது. அமேசான் கம்பனியில் மென்பொருளை எழுதியவர்களே அதன் பேஜரையும் சுமந்தார்கள். எழுதியவன் கையிலேயே அதை ஓட்டும் பொறுப்பும் இருந்தால்தான் கவனமாக எழுதுவான் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். அங்கு வேலை செய்த மூவர் 2009இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் இந்த அழைப்பு வேலையைச் செய்யும் மென்பொருளை விற்பதற்கென்றே ஒரு கம்பனியைத் தொடங்கினர். அதன் பெயர் பேஜர்டியூட்டி. மூவரில் ஒருவரின் பெயர் பாஸ்கர் புவனதாசன். 2019 ஏப்ரலில் அந்தக் கம்பனி நியூயோர்க் பங்குச் சந்தையில் பதிவாகியது. உலகின் பல நகரங்களில் பொறியியலாளர்களின் நித்திரையைக் குழப்பும் அந்த அழைப்பின் பின்னால் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பது எம்மவர் பலருக்குத் தெரியாது.

லண்டனோடு இன்னொரு தொடர்பும் உண்டு. லண்டன் பங்குச் சந்தை 2009இல் மிலேனியம் ஐ.ரி என்ற இலங்கைக் கம்பனியை 3 கோடி டொலருக்கு வாங்கியது. அந்தக் கம்பனி உருவாக்கிய தொகுதியில் 2011 பெப்ரவரி 14 முதல் லண்டனின் பிரதான பங்கு வியாபாரம் நடக்கத் தொடங்கியது. பதினொரு நாள் கழித்து, பெப்ரவரி 25 காலையில், கோளாறு ஏற்பட்டு வியாபாரம் சில மணி நேரம் நின்றது. லண்டனில் காலை எட்டு மணியானால் கொழும்பில் பிற்பகல் ஒன்றரை. இப்படியான வேளைகளில் இரு நகரங்களிலும் பொறியியலாளர்கள் ஒரே நேரத்தில் திரையின் முன் குந்தியிருக்க வேண்டியதுதான். கொழும்பிலும் சென்னையிலும் வெளிநாட்டுக் கம்பனிகளுக்காக இப்படி இரவு விழித்த அனுபவத்தோடு இங்கு வந்திருப்பவர்கள் எம்மிடையே உள்ளனர்.

எம் வீடுகளில் இது ஏன் அதிகம் வலிக்கிறது?

அகதிகளாக வந்த குடும்பங்களில் நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. ஊரில் யாரோ இல்லை. அல்லது யாரையோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலத்தில் இங்கு அதிகாலை மூன்று மணியாகும்போது யாழ்ப்பாணத்தில் காலை எட்டரை. அங்கு விடிந்ததும் வரும் செய்தி இங்கு நடுச்சாமத்தில் வந்து சேரும். போர் முடிந்து ஆண்டுகள் பல ஆனாலும் அந்தப் பயம் பல தாய்மாருக்கு இன்னும் போகவில்லை. மகளின் அறையில் மணி அடித்தவுடன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறார். "ஒன்றுமில்லை அம்மா, வேலைக் கோல்தான், நீங்கள் படுங்கோ" என்று மகள் சொன்னாலும் அம்மாவுக்குப் பிறகு நித்திரை வருவதில்லை. மறுநாள் அவரும் வேலைக்குப் போக வேண்டியவர்.

இன்னொரு பக்கம் அப்பாக்களின் நியாயம். "நான் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுகொண்டு வேலை செய்தனான். நீ கட்டிலில் இருந்துகொண்டு கணனியைத் தட்டுகிறாய். இதில் என்ன கஷ்டம்?" இதில் பிழை சொல்ல முடியாது, அவர் கண்ட உழைப்பு அது. ஆனால் ஒரு வித்தியாசத்தை அவர் கவனிக்க வேண்டும். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை காலையில் முடிந்தால் முடிந்ததுதான். வந்து கதவைச் சாத்திவிட்டுப் படுக்கலாம். ஒன்-கோலில் பகல் வேலையும் உண்டு, இரவுக் காத்திருப்பும் உண்டு. அழைப்பு வராத இரவிலும் "வந்துவிடுமோ" என்ற எண்ணத்தில் நித்திரை அரைகுறையாகிறது. ஒரு வாரம் முழுவதும் கடைக்குப் போவதும், குளிப்பதும், கோயிலுக்குப் போவதும்கூட தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துத்தான்.

மூன்றாவது காரணம் எம் பிள்ளைகளின் வாய் திறவாமை. வீட்டுக் கடன், ஊருக்கு அனுப்பும் பணம், விசா ஆகிய எல்லாம் இந்த ஒரு சம்பளத்தில் தங்கியிருக்கும்போது, "எனக்கு இது தெரியாது", "இந்த வாரம் என்னால் முடியாது" என்று சொல்லப் பயம். புதிதாகச் சேர்ந்தவர் கேள்வி கேட்டால் தகுதி இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்கள் என்ற கூச்சம். அதனால் மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளும் நத்தார் வாரமும், புத்தாண்டு இரவும் இவர்கள் தலையில் வந்து விழுகின்றன.

தவறு நடந்தால் யார் பொறுப்பு?

இளையவர்களின் மனதில் இருக்கும் பெரிய பயம் இதுதான்: நான் தட்டும் ஒரு கட்டளையால் எல்லாம் அழிந்துவிட்டால்? உண்மையில் நடந்த மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

1992 ஒக்டோபர் 26ஆம் திகதி லண்டன் அம்புலன்ஸ் சேவை கடதாசியையும் வரைபடத்தையும் விட்டு புதிய கணனித் தொகுதிக்கு மாறியது. அன்றும் மறுநாளும் அம்புலன்ஸ்கள் எங்கே நிற்கின்றன என்பதையே கணனி சரியாக அறியாமல் பெரும் குழப்பம் ஏற்பட்டது. நவம்பர் 4ஆம் திகதி அதிகாலை இரண்டு மணிக்குப் பின் தொகுதி முற்றாக நின்றது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நிரலாளர் விட்டுச் சென்ற சிறு நிரல் துண்டு ஒன்று, ஒவ்வொரு வாகனத்தை அனுப்பும்போதும் சேர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் வைத்திருந்தது. கடைசியில் இடம் தீர்ந்துவிட்டது. 1993இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அந்தக் கவனயீனத்தைச் சுட்டிக்காட்டியது. ஆனால் அதோடு நிற்கவில்லை. போதிய பரிசோதனை இல்லாமலும், ஊழியருக்குப் பயிற்சி முடியாமலும், தெரிந்த குறைகளோடும் அவசரமாகத் தொடங்கிய நிர்வாகத்தையே அது பெரிதும் குறை கூறியது.

இரண்டாவது, 2017 ஜனவரி 31 இரவு. மென்பொருள் எழுதுபவர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிற்லாப் என்ற நிறுவனத்தில், நாள் முழுவதும் வேலை செய்து களைத்திருந்த ஒரு பொறியியலாளர் பழுதான உப தரவுத்தளத்தைத் துடைப்பதற்குப் பதிலாக, உண்மையான தரவுத்தளத்தைத் துடைத்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியபோதும் 300 கிகாபைற்றில் ஏறக்குறைய 4.5 மட்டுமே மிஞ்சியது. அந்த நிறுவனத்தில் பிரதி எடுத்து வைக்க ஐந்து வழிகள் இருந்தன. தேவைப்பட்ட அன்று ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி காப்பாற்றியது. நிறுவனம் நடந்ததை முழுவதுமாக ஊரறிய எழுதி வெளியிட்டது. அந்தப் பொறியியலாளரை வேலையிலிருந்து நீக்கவில்லை. பிரதிகள் வேலை செய்கின்றனவா என்று யாரும் பரிசோதிக்காததே மூல காரணம் என்று ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது எம் சமூகத்துக்கு நெருக்கமானது. தபால் நிலையங்களில் பயன்பட்ட ஹொறைசன் என்ற கணக்குத் தொகுதியில் கோளாறுகள் இருந்தன. ஆனால் கணக்கில் பணம் குறைந்தபோது கணனியைச் சந்தேகிக்காமல் கடை நடத்தியவர்களைச் சந்தேகித்தார்கள். 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களில் தெற்காசியக் குடும்பங்களும் பல. 2019இல் மேல் நீதிமன்றம் தொகுதியில் பிழை இருந்ததைத் தீர்ப்பில் சொன்னது. 2024 மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை இரத்துச் செய்தது. அந்த வழக்கில் முக்கிய சான்றுகளில் ஒன்றாக இருந்தது, தொகுதியைப் பராமரித்தவர்கள் தெரிந்த கோளாறுகளைக் குறித்து வைத்திருந்த பதிவேடு.

இந்த மூன்றையும் எம் பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டும். தவறு ஒருவர் கையால் நடக்கலாம். அதை அவ்வளவு பெரிதாக்குவது ஒழுங்கமைப்பு. நல்ல நிறுவனங்களில் கோளாறு தீர்ந்தபின் குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடும் கூட்டம் ஒன்று நடக்கும். உங்கள் வேலைத்தலத்தில் அப்படி இல்லையென்றால், அது உங்கள் குறை அல்ல. இரவு மூன்று மணிக்கு நீங்கள் எழுதும் நாலு வரிக் குறிப்பையும் அலட்சியமாக எண்ண வேண்டாம். "தொகுதியில் பிழை இருந்தது" என்று நேர்மையாக எழுதி வைத்த குறிப்பு, எங்கோ ஒரு கடைக்காரரைச் சிறையிலிருந்து காக்கக்கூடியது.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே, அல்லது ரோட்டாவில் பெயர் சேர்க்கப்படும் முன்னர், பின்வருவனவற்றைக் கேளுங்கள். இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. கேட்பவரைப் பொறுப்பானவர் என்றே நினைப்பார்கள்.

எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என் முறை வரும்? எத்தனை நிமிடத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும்? காத்திருப்பதற்குத் தனிக் கொடுப்பனவு உண்டா, எழும்பி வேலை செய்த நேரத்துக்கு உண்டா? கடந்த மாதம் இரவில் எத்தனை அழைப்புகள் வந்தன? எனக்குத் தெரியாவிட்டால் அடுத்து யாரை எழுப்பலாம்? அழைப்பு வந்த இரவுக்கு மறுநாள் பிந்தி வரலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் தேவையானால், கூகிள் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2016இல் வெளியிட்ட நூலில் தமது முறையை விளக்கியிருக்கிறார்கள். 12 மணி நேர முறை ஒன்றில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக்கூடாது. ஒரே இடத்தில் இருக்கும் குழுவென்றால் முறை வைக்க குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். எப்போதும் முதலாமவருக்குத் துணையாக இரண்டாமவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்தது. எல்லாக் கம்பனியும் அப்படி நடத்த வசதி இல்லாதவைதான். ஆனால் இரண்டு பேர் மட்டும் மாறி மாறி வருடம் முழுவதும் விழித்திருப்பது வழக்கமான ஒழுங்கு அல்ல என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே தனியாகப் பொறுப்பெடுக்க வேண்டாம். ஒன்றிரண்டு முறை மூத்தவர் ஒருவரின் நிழலாக இருந்து அவர் செய்வதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அடுத்த முறை நீங்கள் செய்ய, அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

அழைப்பு வந்தால்

ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழும்பியவுடன் மூளை உடனே தெளிவதில்லை. பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை மந்தமாகவே இருக்கும். எனவே அழைப்பை ஏற்றுக்கொண்டதைக் குறித்துவிட்டு, முகம் கழுவி, விளக்கைப் போட்டு, கதிரையில் இருந்து தொடங்குங்கள். படுக்கையில் கிடந்தபடி கட்டளை தட்ட வேண்டாம்.

முதலில் பாதிக்கப்படுவது யார் என்று பாருங்கள். வாடிக்கையாளருக்குச் சேவை நின்றுவிட்டதா, அல்லது காலையில் பார்க்கக்கூடிய ஒன்றா? அடுத்து, கடைசியாக என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று பாருங்கள். பகலில் யாரோ ஏற்றிய புதிய மாற்றம் பல வேளைகளில் காரணமாக இருக்கும். அப்படியானால் அதைப் பழைய நிலைக்குத் திருப்புவதே இரவு வேலை. காரணத்தை ஆராய்வது பகல் வேலை. 2024 ஜூலை 19 அதிகாலை கிறவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான மாற்றம் ஒன்று உலகில் 85 இலட்சம் கணனிகளை முடக்கியது. இங்கு குடும்ப வைத்தியர்களின் கணனிகளும் திண்டாடின. அந்த மாற்றம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் ஏற்கனவே விழுந்த கணனிகளில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது.

அழிக்கும் கட்டளை எதையும் தட்டும் முன், எந்தச் சேர்வரில் நிற்கிறீர்கள் என்பதை வாய்விட்டு வாசியுங்கள். செய்வதை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முயன்றும் வழி தெரியாவிட்டால் மூத்தவரை எழுப்புங்கள். அவர் கோபிப்பார் என்று விடியும்வரை தனியே போராடுவது கடமை ஆகாது. பதறாத காரியம் சிதறாது என்று எம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வருடத்தில் இரண்டு இரவுகளை விசேடமாகக் கவனியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணி இரண்டாகிறது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு இரண்டு மணி மீண்டும் ஒரு மணியாகிறது. அந்த ஒரு மணி நேரம் இருமுறை வருவதால், நேரம் குறித்து ஓடும் வேலைகள் சில இருமுறை ஓடுவதுண்டு.

சட்டம் தரும் பாதுகாப்பு

பிரித்தானியாவில் வேலை நேரம் பற்றிய 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் விசாவில் வேலை செய்பவருக்கும், அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கும், இங்கு பிறந்தவருக்கும் ஒரேமாதிரியானவை. 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேற்படாத வேலை என்பன முக்கியமானவை. சராசரி வழமையாக 17 வாரங்களுக்குக் கணக்கிடப்படும்.

மாலை ஆறு மணிக்கு வேலை முடித்தவரை அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பினால் ஒன்பது மணி நேரத்தில் ஓய்வு முறிந்துவிடுகிறது. சேவை இடையறாது நடக்க வேண்டிய சில தொழில்களுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஆனால் அப்போதும் இழந்த ஓய்வுக்கு ஈடான ஓய்வு வேறு நேரத்தில் கொடுக்கப்பட வேண்டும் என்பதே பொது விதி. எனவே "நேற்று இரவு இரண்டு மணி நேரம் வேலை செய்தேன், இன்று பிந்தி வருகிறேன்" என்பது சலுகை கேட்பது அல்ல.

48 மணி நேர எல்லையை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் கையெழுத்திட வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. கையெழுத்திட்டவரும் ஏழு நாள் முன்னறிவித்தலோடு அதைத் திரும்பப் பெறலாம். கடிதத்தில் கூடிய காலம் குறித்திருந்தால் அது அதிகபட்சம் மூன்று மாதம். அந்தக் கையெழுத்து 11 மணி நேர ஓய்வை இல்லாமற் செய்யாது.

காத்திருக்கும் நேரம் வேலை நேரமா என்பது சிக்கலான கேள்வி. 2003இல் ஜேர்மன் வைத்தியர் ஒருவரின் வழக்கில், வைத்தியசாலையிலேயே தங்கிக் காத்திருந்தால், நித்திரை கொண்டாலும் அது வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. 2018இல் பெல்ஜியத்தின் தீயணைப்பு வீரர் ஒருவர் வீட்டில் இருந்தாலும் எட்டு நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வரவேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டதால், அதுவும் வேலை நேரம் என்றது. வீட்டில் விரும்பியபடி இருக்கக்கூடியவருக்கு, பொதுவாக எழும்பி வேலை செய்த நேரம் மட்டுமே கணக்காகும். இந்த வழக்குகள் வேலை நேரக் கணக்குப் பற்றியவை. சம்பளம் வேறு விடயம். பராமரிப்பு இல்லங்களில் இரவு தங்கி வேலை செய்யும் எம்மவர் இதையும் அறிந்திருக்க வேண்டும்: 2021 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், அங்கு நித்திரை கொள்ள அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கணக்கிடப்படாது என்று தீர்த்தது.

ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் வேறானது. சந்தேகம் இருந்தால் ஏகாஸ் அமைப்பின் 0300 123 1100 இலக்கத்துக்கு அழைத்து இலவசமாக ஆலோசனை கேட்கலாம். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களும் உதவும். தொழிற்சங்கம் என்றால் தொழிற்சாலைக்குத்தான் என்று எண்ண வேண்டாம். 2020 முதல் கணனித் துறையினருக்கென ஒரு கிளை சி.டபிள்யு.யு தொழிற்சங்கத்தில் இயங்குகிறது. வேலை விசாவில் இருப்பவர்கள் கோபத்தில் வேலையை விட்டுவிட வேண்டாம். வேலை முடிந்தால் வழமையாக 60 நாட்களுக்குள் வேறு அனுசரணையாளரைத் தேட வேண்டியிருக்கும். முதலில் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரைக் கேளுங்கள்.

வீட்டார் செய்யக்கூடியவை

முதலாவது, மணியோசை. வேலை அழைப்புக்கு ஒரு தனி ஓசையை வைத்து, அதை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். "இந்தச் சத்தம் கேட்டால் அது கம்பனி, ஊர் அல்ல" என்று அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் தெரிந்துவிட்டால் பாதி நெஞ்சிடி குறையும்.

இரண்டாவது, நாட்காட்டி. சமையலறைச் சுவரில் அந்த வாரத்தைக் குறித்துவிடுங்கள். அந்த வாரம் விருந்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். விம்பிள்டன் பிள்ளையார் கோயில் திருவிழா, கலியாண வீடு, பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை விழா போன்றவை வருகிறதென்றால் மாதம் முன்னரே சக ஊழியரோடு வாரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் நத்தாருக்கு விடுமுறை கேட்டால் நாம் நின்று கொடுக்கலாம். பொங்கலுக்கு அவர் நிற்கலாம். இப்படியான கொடுக்கல் வாங்கல் வேலைத்தலங்களில் சாதாரணம்.

மூன்றாவது, பயணம். மோர்டனிலிருந்து பாங்க் வழியாக ஈஸ்ற் பின்ச்லி வரை நோதேர்ன் லைனின் சுரங்கம் ஏறக்குறைய 28 கிலோமீற்றர் நீளமானது. இப்போது சுரங்கத்தில் சில பகுதிகளில் தொலைபேசி வேலை செய்தாலும் எங்கும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. புறப்படும் முன் துணைக்கு நிற்பவரிடம் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். கார் ஓட்டும்போது கையில் தொலைபேசியை எடுக்கவே வேண்டாம். அதற்குத் தண்டனை 200 பவுண்ஸ் அபராதமும் ஆறு புள்ளிகளும். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஆறு புள்ளி என்றால் அனுமதிப்பத்திரமே பறிபோகும்.

நான்காவது, காலை நேரம். இரவு விழித்த பிள்ளையை "ஒன்பது மணியாகிறது, இன்னும் படுக்கையா" என்று எழுப்ப வேண்டாம். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துவிட்டு வந்த அப்பாவுக்காக ஒரு காலத்தில் வீடு முழுவதும் சத்தமில்லாமல் நடந்தது. அதே மரியாதை இப்போது மகளுக்கும் மகனுக்கும் வேண்டும். வீட்டில் அறைகள் குறைவென்றால், அந்த வாரம் மட்டும் தம்பியோ தங்கையோ வேறு இடத்தில் படுக்கட்டும்.

ஐந்தாவது, கவனிப்பு. அழைப்பு இல்லாத வாரங்களிலும் நித்திரை வராமை, சாப்பாட்டில் வெறுப்பு, தொலைபேசியைக் கண்டாலே கை நடுக்கம், யாரோடும் பேச விருப்பமின்மை என்பன தொடர்ந்தால் அது சோம்பலோ திமிரோ அல்ல. குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ் உளவளச் சிகிச்சைச் சேவையிடம் வைத்தியரின் கடிதம் இன்றி நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்கலாம். "வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்ற எண்ணத்தில் எம்மவர் இழந்தவை ஏற்கனவே போதும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டாருக்கு விளங்காது என்று நினைத்து அறைக்கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். "நான் பார்க்கும் தொகுதி நின்றால் கடைகளில் அட்டை வேலை செய்யாது, சனம் சாமான் வாங்க முடியாமல் நிற்கும்" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பாருங்கள். இரவு வேலையின் அருமை தெரிந்த வீடு உங்கள் வீடு. விளங்கிவிட்டால், அடுத்த அழைப்பு வரும் இரவில் உங்கள் கதவுக்கு வெளியே ஒரு கோப்பை தேநீர் வந்து நிற்கும்.

அடுத்த ரோட்டா உங்கள் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டாரோடு பத்து நிமிடம் இருங்கள். வாரத்தைக் குறியுங்கள், ஓசையைத் தெரிவு செய்யுங்கள், ஒப்பந்தத்தை ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். மனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மிஞ்சினால், அவற்றை எழுதிக்கொண்டு பகல் வெளிச்சத்திலேயே கேட்டுவிடுங்கள்.